கன்னியர் மடத்து வழக்கு

சென்ற அத்தியாயத்தில் ரோஜர் டானியை ட்ரெட் ஸ்காட் தீர்ப்போடு விட்டுவிட்டு வந்தோம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கத்தோலிக்க நீதிபதி அவர். ஆனால் 1857இல் அவர் எழுதிய அந்தத் தீர்ப்பைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் கத்தோலிக்கச் சிந்தனை என்று ஒரு குன்றிமணி தேறாது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் கத்தோலிக்கர்கள் உண்மையாகவே தடம் பதித்த இடத்தைப் பார்க்க வேண்டுமானால், நீதிபதியின் மேடையை விட்டு இறங்கி வாதி நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். அங்கே நிற்பவர்கள் ஆரிகன் மாநிலத்துச் சிஸ்டர்கள். இயேசு, மரியா திருநாமங்களின் பெயர் கொண்ட அவர்களது சபை 1859இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து போர்ட்லாண்டுக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. 1880இல் மாநிலச் சட்டப்படி நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டது. 1922 நவம்பரில் ஆரிகன் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஆதரவு 1,15,506, எதிர்ப்பு 1,03,685. எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகள், சில விலக்குகள் தவிர, அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்றது சட்டம். 1926 செப்டம்பர் 1 முதல் அமல். அனுப்பாத பெற்றோருக்கு 5 முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டு முதல் முப்பது நாள் வரை சிறை. பிள்ளை போகாத ஒவ்வொரு நாளும் தனித்தனிக் குற்றம். ஒரே ஒரு மாதம் மகளைச் சிஸ்டர்களின் பள்ளிக்கு அனுப்பிய தந்தை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வீட்டை விற்க வேண்டியிருக்கும்.

சட்டத்தின் பின்னால் ஸ்காட்டிஷ் ரைட் மேசன்களும் கூ க்ளக்ஸ் க்ளானும் இருந்தார்கள். க்ளான் ஆதரவோடு அதே தேர்தலில் ஆளுநரான வால்டர் பியர்ஸின் பெயர்தான் சட்டத்தை எதிர்த்துச் சிஸ்டர்கள் போட்ட வழக்கின் தலைப்பில் நிலைத்துவிட்டது. கத்தோலிக்கர்களைக் குறிவைத்த சட்டம் என்பதில் அன்றைக்கு யாருக்கும் ஐயமில்லை. அப்படியிருந்தும் வழக்கை மதச் சுதந்திர வழக்காக நடத்த முடியவில்லை. மதச் சுதந்திரத்தைச் சொல்லும் முதல் திருத்தம் அன்று மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1940இல்தான். சிஸ்டர்களோடு சேர்ந்து வழக்குப் போட்ட ஹில் ராணுவப் பள்ளிக்கு மதத்தோடு சம்பந்தமும் இல்லை. மிஞ்சியது 14வது திருத்தம்: உரிய சட்ட நடைமுறையின்றி எந்த மாநிலமும் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ உடைமையையோ பறிக்கக் கூடாது. இதில் ‘சுதந்திரம்’ என்ற ஒரே ஒரு சொல்லுக்குள் எதையெல்லாம் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. அந்தச் சொல்லை விரித்துக் காட்டுவதில் கைதேர்ந்தவராகச் சிஸ்டர்கள் பக்கம் நின்றவர் வில்லியம் கத்ரி. கத்தோலிக்கர், நியூயார்க்கின் பெரும் நிறுவனங்களுக்கு வாதாடியவர், 14வது திருத்தத்தைப் பற்றி 1898இலேயே நூல் எழுதியவர். 1895இல் மத்திய அரசின் வருமான வரியைச் செல்லாததாக்கிய வழக்கறிஞர் குழுவிலும் அவர் இருந்தார். வறுமை விரதம் பூண்ட கன்னியருக்கு வாய்த்த வக்கீலைப் பாருங்கள்.

கத்ரிக்குப் பாதை ஏற்கெனவே ஓரளவு வெட்டப்பட்டிருந்தது. முதல் உலகப் போரின் சூட்டில் நெப்ராஸ்கா மாநிலம் எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிப்பதைத் தடை செய்தது. 1920 மே மாதம் ராபர்ட் மேயர் என்ற லூத்தரன் பள்ளி ஆசிரியர், பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு விவிலியக் கதைப் புத்தகத்திலிருந்து ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார். அபராதம் 25 டாலர். அந்த வழக்கில் கத்ரி நீதிமன்றத்தின் நண்பராக மனுப் போட்டபோதே அவர் கண் நெப்ராஸ்காவின் மேல் இல்லை, ஆரிகன் மேல் இருந்தது. 1923 ஜூனில் மேயர் ஜெயித்தார். தீர்ப்பு எழுதியவர் நீதிபதி மெக்ரெனால்ட்ஸ். யூதர் என்ற காரணத்துக்காகச் சக நீதிபதி பிராண்டைஸோடு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்த மனிதர் அவர். சிறுபான்மையினரின் சுதந்திரத்துக்கு அடிக்கல் நாட்டிய இரண்டு தீர்ப்புகளும் அவர் கையிலிருந்துதான் வந்தன. இரண்டாவது தீர்ப்பு 1925 ஜூன் 1ஆம் தேதி, ஒருமனதாக. பிள்ளை அரசின் வெறும் உற்பத்திப் பொருள் அல்ல, அதை வளர்த்து வழிநடத்துகிறவர்களுக்கு அதற்கான உரிமையும் கடமையும் உண்டு, பிள்ளைகளை ஒரே அச்சில் வார்க்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்பது அதன் சாரம். ஆரிகன் சட்டம் அமலுக்கு வருமுன்பே செத்தது.

ரோமில் இந்தத் தீர்ப்பை எப்படிப் படித்தார்கள் என்பது முக்கியம். 1929 டிசம்பர் 31 தேதியிட்ட கல்வி பற்றிய சுற்றுமடலில் போப் பதினோராம் பயஸ், குடும்பத்தின் உரிமை அரசுக்கு முந்தியது என்று நிறுவும் இடத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இந்தத் தீர்ப்பைச் சான்றாக எடுத்துக் காட்டினார். இயற்கைச் சட்டத்தை மதிக்க விரும்பும் நாடுகள் இப்படி ஒப்புக்கொண்டிருக்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். மனித இயல்பிலேயே பதிந்திருக்கிற, பகுத்தறிவால் கண்டுகொள்ளக்கூடிய, எந்தச் சட்டமன்றமும் இயற்றாத நியாயம் ஒன்று உண்டு என்பதே கத்தோலிக்க மரபு சொல்லும் இயற்கைச் சட்டம். ஆனால் மெக்ரெனால்ட்ஸின் தீர்ப்பில் இன்னொரு பாதியும் இருந்தது. பள்ளி ஒரு தொழில், ஒரு சொத்து; அரசு நியாயமின்றி அந்த வியாபாரத்தை அழிக்கக் கூடாது என்பது அந்தப் பாதி. வழக்குப் போட்டது பெற்றோர் அல்லர், நிறுவனங்கள்; அவை கோரியது உடைமைப் பாதுகாப்பு. போப் முதல் பாதியை எடுத்துக்கொண்டார், இரண்டாவதைத் தொடவில்லை. அமெரிக்கக் கத்தோலிக்கர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. தீர்ப்பு வந்த சுமார் இரண்டு வாரங்களிலேயே அவர்கள் முன் ஒரு கணக்குச் சீட்டு நீட்டப்பட்டது.

நீட்டியவர் ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர். அப்போது ஹார்வர்டில் பேராசிரியர், பின்னால் உச்ச நீதிமன்ற நீதிபதி. ‘நியூ ரிபப்ளிக்’ இதழில் பெயர் போடாமல் எழுதிய தலையங்கத்தில் ஆரிகன் சட்டம் ஒழிந்ததில் மகிழ்ச்சி என்றார். ஆனால் அதை ஒழித்த கோட்பாடு தொழிலாளர் சட்டங்களை வெட்டிச் சாய்க்கும் அதே கோடரி, சகிப்புத்தன்மைக்கு நீதிமன்றத்தை உத்தரவாதமாக நம்பினால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம் என்றும் சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு தனித் தகுதி உண்டு. 1913இல் அதே ஆரிகனில் பெண் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் எட்வின் ஒஹாரா என்ற கத்தோலிக்கக் குரு; மறைமாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளரும் அவரே. கூலி ஆணையை எதிர்த்துப் போர்ட்லாண்டின் பெட்டித் தொழிற்சாலை முதலாளி ஒருவர் ஒஹாராவின் பெயரில் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே கூலிச் சட்டத்துக்காக வாதாடியவர் ஃபிராங்ஃபர்ட்டர். 1917இல் நீதிபதிகள் நான்குக்கு நான்காகப் பிரிந்தார்கள். கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நின்றதால் ஒஹாராவின் ஆணையம் பிழைத்தது. 1923 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனின் கூலிச் சட்டம் விசாரணைக்கு வந்தபோது அப்படிப் பிழைக்கவில்லை. ஒப்பந்தம் செய்துகொள்ளும் ‘சுதந்திரத்தை’ அது பறிக்கிறது என்று ஐவர் சொன்னார்கள். அந்த ஐவரில் இருவர் கத்தோலிக்கர்கள்: மெக்கென்னாவும் பட்லரும். நியாயமான கூலி தொழிலாளியின் இயற்கை உரிமை என்று 1906 முதல் எழுதிவந்த குருவானவர் ஜான் ரயனுக்கு அது பேரிடி. இரண்டே மாதத்தில் மேயர் வழக்கின் தீர்ப்பு அந்தக் கூலித் தீர்ப்பைத் தன் முன்னோடிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

ஆக, ஒரே ஒரு சொல்லிலிருந்து சிஸ்டர்களின் பள்ளியும் பிழைத்தது, தலைநகரின் பெண் தொழிலாளியின் கூலியும் போயிற்று. இந்தத் தொடரின் வாசகர் சிலர் கத்தோலிக்க நீதிபதி என்றால் இயற்கைச் சட்டம், இயற்கைச் சட்டம் என்றால் ஒரு குறிப்பிட்ட தீர்ப்பு என்று நேர்க்கோடு போட்டுக் கேட்கிறார்கள். 1920களின் பதிவேடுகள் அந்தக் கோட்டுக்கு இடம் தரவில்லை. அரசுக்கு முந்திய உரிமைகள் உண்டா என்ற கேள்விக்குக் கத்தோலிக்க மரபு தயங்காமல் ‘உண்டு’ என்றது. அவற்றை ஒரு குடியரசில் யார் கண்டெடுத்து, யார் அமல்படுத்துவது, சட்டமன்றமா, நீதிபதியா, வாக்காளரா என்ற கேள்விக்கு அதனிடம் ஒரே பதில் இருந்ததில்லை. கல்வியில் நீதிபதியை நம்பினார்கள், கூலியில் சட்டமன்றத்தை நம்பினார்கள். அடுத்த நூறாண்டில் அமெரிக்கக் கத்தோலிக்கச் சட்டச் சிந்தனை பட்ட பாடெல்லாம் இந்த இரண்டாவது கேள்வியால் வந்தது என்பதுதான் என் வாதம்.

பதில் தேட வேண்டிய இடம் சட்டக் கல்லூரி. கத்தோலிக்கர்களுக்குச் சட்டக் கல்லூரிகள் இருந்தன. ஆனால் அவை பிறந்த நோக்கமே வேறு. நோட்ரடாம் 1869, ஜார்ஜ்டவுன் 1870, ஃபோர்டாம் 1905, சிகாகோ லயோலா 1908 என்று அவை அடுத்தடுத்துத் தோன்றின. ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு வழக்கறிஞர் உரிமம் வாங்கிக் கொடுப்பதே அவற்றுள் பலவற்றின் முதல் வேலை. ஜார்ஜ்டவுனின் தொடக்க மாணவர்களில் பெரும்பாலோர் அரசு அலுவலகக் குமாஸ்தாக்கள். வேலை முடிந்து மாலையில் வந்து படித்தார்கள். ஃபோர்டாமின் சட்டக் கல்லூரி 1916 முதல் 1943 வரை மன்ஹாட்டனில் வுல்வொர்த் கட்டடத்தின் 28வது மாடியில் நடந்தது. மதச் சிந்தனை மலர்வதற்கான இடம் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். அலுவலகத்திலிருந்து லிஃப்டில் ஏறி வகுப்புக்குப் போகலாம் என்பதுதான் அதன் பெருமை. 1921இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், சட்டம் படிக்குமுன் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது அடி முதலில் விழுந்தது இந்த மாலை வகுப்புகள் மீதுதான். தரம் என்ற பெயரில் குடியேறிகளை வடிகட்டும் ஆசையும் அதற்குள் இருந்தது என்பதை ஜெரால்ட் அவர்பாக் 1976இல் எழுதிய நூல் விரிவாகக் காட்டியிருக்கிறது. தப்பிப் பிழைக்க இக்கல்லூரிகள் ஹார்வர்டின் பாடமுறையை அப்படியே எடுத்துக்கொண்டன. ஒப்பந்தச் சட்டமும் சொத்துச் சட்டமும் எங்கும் நடத்துகிற மாதிரியே நடந்தன. கத்தோலிக்கம் என்பது இயேசு சபைக் குரு ஒருவர் எடுக்கும் சட்டத் தத்துவ வகுப்பாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஓரத்திலிருந்துதான் 1940களில் பெரிய சத்தம் எழுந்தது. இலக்கு, இறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். சட்டம் என்பது நீதிமன்றம் என்ன செய்யும் என்ற முன்கணிப்புதான் என்று 1897இல் சொன்னவர். இயற்கைச் சட்டத்தை நம்புகிறவர்களை 1918இல் ஒரு கட்டுரையில் கேலி செய்தவர். ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியைச் சபையின் சார்பில் மேற்பார்த்த ஃபிரான்சிஸ் லூசி, ஜான் ஃபோர்ட் முதலிய இயேசு சபைக் குருக்கள், சட்டத்திலிருந்து அறத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பலவந்தம் மட்டுமே என்று எழுதினார்கள். 1945இல் பென் பாமர் என்ற கத்தோலிக்க வழக்கறிஞர் வழக்கறிஞர் சங்க இதழிலேயே ஹாப்ஸ், ஹோம்ஸ், ஹிட்லர் என்று மூன்று பெயரையும் ஒரே தலைப்பில் கோத்தார். கோத்தது அநியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ‘பக் எதிர் பெல்’ வழக்கு இருந்தது.

வர்ஜீனியா மாநிலம் 1924இல், மனவளர்ச்சி குன்றியோர் என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. முதலில் சோதிக்கப்பட்டவர் கேரி பக் என்ற இளம்பெண். 1927 மே 2ஆம் தேதி எட்டு நீதிபதிகள் அதை ஏற்றார்கள். தீர்ப்பு எழுதியவர் ஹோம்ஸ். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையைச் சுட்டி அவர் எழுதிய வாக்கியம் இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் மாணவர்களை நெளிய வைக்கிறது. அக்டோபரில் அறுவை செய்துவிட்டார்கள். எதிர்த்தவர் ஒருவர், அப்போது அந்த நீதிமன்றத்தில் இருந்த ஒரே கத்தோலிக்கரான பியர்ஸ் பட்லர். அவருடைய எதிர்ப்பு அச்சில் ஒரே வரி: நீதிபதி பட்லர் மாறுபடுகிறார். காரணம் ஒரு சொல்கூட இல்லை. கருத்தடைச் சட்டங்களைக் கண்டித்த போப்பின் சுற்றுமடல் வந்தது 1930 டிசம்பரில். ஆகவே மேலிடத்து உத்தரவைப் பின்பற்றினார் என்ற பேச்சுக்கு இடமில்லை. மதத்தால் எதிர்த்தாரா, அரசு அதிகாரத்தின் மேலிருந்த பொதுவான சந்தேகத்தால் எதிர்த்தாரா என்பதை அந்த ஒரு வரியிலிருந்து யாரும் பிழிந்தெடுக்க முடியாது. எனக்கு அந்த மௌனமே பேசுகிறது. மனித உடலுக்கு அரசு தொடக் கூடாத ஓர் எல்லை உண்டு என்று அவர் நம்பியிருந்தாலும், அரசியல் சட்டத்தின் எந்த வாசகத்தில் அதை ஊன்றி நிறுத்துவது என்பதற்குரிய மொழியை எந்தச் சட்டக் கல்லூரியும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

கொடுத்திருக்க முடியுமா? தாமஸ் அக்குவினாஸ் இரண்டு பக்கமும் பேசுகிறார். நீதிபதி எழுதப்பட்ட சட்டத்தின்படியே தீர்ப்பளிக்க வேண்டும் என்கிறார்; அதே இடத்தில், இயற்கை நியாயத்துக்கு மாறான சட்டம் சட்டமே அல்ல, அதன்படி தீர்ப்பளிக்கலாகாது என்றும் சொல்கிறார். மன்னராட்சிக் காலத்துத் துறவிக்கு இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது சிரமமில்லை. எழுதப்பட்ட சாசனமும், மக்கள் தேர்ந்தெடுக்காத ஒன்பது நீதிபதிகளும் உள்ள நாட்டில் இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. 1947இல் நோட்ரடாம் இயற்கைச் சட்டத்துக்கென்று ஒரு கழகம் தொடங்கியது. 1956இல் ஆய்விதழ் வந்தது. நல்ல அறிஞர்கள் எழுதினார்கள். உரிமைகளின் மூலம் எது என்பதைப் பற்றி நிறைய எழுதினார்கள். நீதிபதியின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை.

அந்த அலட்சியத்தின் பலன் 1965இல் தெரிந்தது. கருத்தடைச் சாதனங்களைத் தம்பதியர் பயன்படுத்துவதையே குற்றமாக்கிய கனெக்டிகட் சட்டம் 1879இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த அலையில் பிறந்தது. சர்க்கஸ் புகழ் பி.டி. பார்னம் சட்டமன்றத்தில் இருந்து அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். இருபதாம் நூற்றாண்டில் அதைக் காத்து நின்றது கத்தோலிக்கத் திருச்சபை. ‘கிரிஸ்வோல்ட்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது நீதிபதி டக்ளஸ் கையில் எடுத்த முன்தீர்ப்புகளில் முக்கியமானவை மேயரும் சிஸ்டர்களின் வழக்கும். பெரும்பான்மையில் ஒருவர் பிரென்னன், அன்றைய ஒரே கத்தோலிக்க நீதிபதி. 1957இல் செனட் விசாரணையில், போப்பின் சொல்லும் பதவிப் பிரமாணமும் மோதினால் என்ன செய்வீர்கள் என்று கேட்கப்பட்டு, பிரமாணம் ஒன்றுதான் என்னைக் கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தவர். இன்னொன்றும் உண்டு: கனெக்டிகட் சட்டத்தை ரத்து செய்யுங்கள் என்று கேட்டுக் கத்தோலிக்கக் குடியுரிமைக் கழகம் ஒன்றே மனுப் போட்டிருந்தது. பாவம் எல்லாவற்றையும் குற்றமாக்க வேண்டியதில்லை என்பதும் அக்குவினாஸ் சொன்னதுதான். ஆனால் எட்டே ஆண்டில், 1973இல், கருக்கலைப்பை உரிமையாக்கிய ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பும் அந்தரங்க உரிமையின் பரம்பரையைச் சொல்லும்போது சிஸ்டர்களின் வழக்கைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. பிரென்னன் அதிலும் பெரும்பான்மையில் இருந்தார். பிள்ளையை வளர்க்கும் உரிமைக்காகக் கன்னியர் வாங்கிய தீர்ப்பு, ஆயர்கள் கண்டித்த ஒரு தீர்ப்பின் முன்தீர்ப்புப் பட்டியலில் போய் நின்றது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். பெற்றோரின் கடமையைப் பற்றிய தீர்ப்பையும் கருவை நீக்குவதைப் பற்றிய தீர்ப்பையும் ஒரே கயிற்றில் கட்டலாமா? முன்னது பிள்ளையின் நன்மைக்காக, பின்னது அந்தப் பிள்ளையே இல்லாமல் செய்வதற்கு; இரண்டையும் இணைத்தது ரோ தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன்னின் தவறு, கத்ரியின் தவறு அல்லவே என்பார்கள். உள்ளடக்கத்தைப் பார்த்தால் இது சரி. ஆனால் நான் பேசுவது வழிமுறையை. சாசனத்தில் பெயர் சொல்லப்படாத ஓர் உரிமையை ‘சுதந்திரம்’ என்ற சொல்லிலிருந்து நீதிபதி எடுத்துத் தருவதுதான் வழிமுறை; அதை 1925இல் கத்தோலிக்கர்கள் வரவேற்றார்கள், போப் புகழ்ந்தார், எல்லை எதுவும் கேட்கவில்லை. தேசத்தின் வரலாற்றிலும் மரபிலும் ஆழ வேரூன்றிய உரிமைகளை மட்டுமே அப்படி எடுக்கலாம் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் வகுத்த சோதனை அந்த எல்லையைத் தருகிறது என்று இப்போது சொல்கிறார்கள். சிஸ்டர்களின் வழக்கு அந்தச் சோதனையில் தேறும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை. முதல் கட்டாயக் கல்விச் சட்டமே மாசசூசெட்ஸில் 1852இல்தான் வந்தது. கடைசி மாநிலமான மிசிசிப்பி 1918இல் இயற்றியது. 14வது திருத்தம் ஏற்கப்பட்ட 1868இல் கட்டாயக் கல்வியையே காணாத மாநிலங்கள்தான் அதிகம்; பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்பதில் அரசுக்கும் பெற்றோருக்கும் சண்டை மூள்வதற்கான களமே அங்கெல்லாம் இல்லை. வேர் எவ்வளவு ஆழம் என்று தோண்டிப் பார்க்கும் மண்வெட்டியும் நீதிபதி கையில்தான் இருக்கிறது.

இதை மற்றவர்களைவிடக் கூர்மையாகப் புரிந்துகொண்ட கத்தோலிக்கர் அன்டோனின் ஸ்கலியா. பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை பற்றிய 2000ஆம் ஆண்டு வழக்கில் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு நாலைந்து பத்திதான் இருக்கும். பிள்ளையை வளர்க்கும் உரிமை மனிதனோடு பிறந்தது, சுதந்திரப் பிரகடனம் சொல்கிற பறிக்க முடியாத உரிமைகளில் ஒன்று என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அந்த உரிமையை வைத்து ஒரு மாநிலச் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் நீதிபதியான எனக்கு இல்லை என்று முடித்தார். சட்டமன்றத்தில் வாதாடுங்கள், தேர்தலில் பேசுங்கள் என்பது அதன் பொருள். சிஸ்டர்களின் வழக்கை அவர் முன் புதிதாகக் கொண்டுவந்திருந்தால் மதச் சுதந்திரம் என்ற வழி இருந்திருக்கலாம். 1925இன் காரணத்தைச் சொல்லி ஸ்கலியாவின் வாக்கை வாங்கியிருக்க முடியாது. 1940களின் இயேசு சபைக் குருக்கள் இதைப் படித்திருந்தால் யாருடைய குரல் என்று நினைத்திருப்பார்கள்? நீதிபதி தன் நியாய உணர்வைச் சட்டத்தின் மேல் ஏற்றக் கூடாது என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர் அவர்களுடைய எதிரியான ஹோம்ஸ். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று வளர்த்த கத்தோலிக்கர், தீர்ப்பு எழுதும் மேசையில் லூசியின் சீடராக இல்லை, ஹோம்ஸின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சாசனத்தின் மூல வாசகத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்த வாதம் கத்தோலிக்க மரபிலிருந்து முளைத்தது என்று சிலர் இன்று எழுதுகிறார்கள். ரோவுக்குப் பிறகு, சூடுபட்ட பூனையாக, கத்தோலிக்கர்கள் ஒதுங்கிய திண்ணை அது என்றுதான் நான் படிக்கிறேன்.

திண்ணையிலும் எல்லோரும் சேர்ந்து உட்காரவில்லை. 2015இல் ஒரே பாலினத்தவர் திருமணத்தை உரிமையாக்கிய தீர்ப்பைக் கத்தோலிக்கரான கென்னடி எழுதினார், மேயரையும் சிஸ்டர்களையும் மேற்கோள் காட்டி. கத்தோலிக்கரான சோட்டோமேயர் சேர்ந்துகொண்டார். மாறுபட்ட ராபர்ட்ஸ், ஸ்கலியா, தாமஸ், அலிட்டோ நால்வரும் கத்தோலிக்கர்கள். 2022 ஜூன் 24ஆம் தேதி அலிட்டோவின் ‘டாப்ஸ்’ தீர்ப்பு ரோவைச் சாய்த்தபோது, சிஸ்டர்களின் வழக்கு போன்றவற்றுக்கு இதனால் ஆபத்தில்லை, அவற்றில் கருவின் உயிர் என்ற கேள்வி இல்லை என்று வேலி போட்டது. தாமஸ் தனியாக எழுதி, கிரிஸ்வோல்டையும் மறுபரிசீலிக்க வேண்டும் என்றார். இதற்கிடையே ஹார்வர்டில் ஏட்ரியன் வெர்மூல், 2016இல் கத்தோலிக்கத்தைத் தழுவியவர், மூல வாசக வாதம் தன் பயனை முடித்துவிட்டது, பொதுநன்மையே அரசியல் சட்டத்தின் அளவுகோல் என்று 2020இல் எழுதி, 2022இல் நூலாகவும் விரித்தார். லூசி திரும்பி வந்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் வெர்மூலின் பொதுநன்மையைப் பெரும்பாலும் கவனித்துக்கொள்ளப் போவது நிர்வாக அதிகாரம், நீதிபதி அதற்கு வழிவிட வேண்டும். யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு இது மூன்றாவது பதில். அவரைக் கடுமையாக மறுத்தவர்களில் பலர் கத்தோலிக்கச் சட்ட அறிஞர்களே.

கடைசியாக ஒக்லஹோமா. 2023 ஜூனில் அந்த மாநிலத்தின் இரண்டு கத்தோலிக்க மறைமாவட்டங்கள் புனித இசிதோர் பெயரில் ஓர் இணையவழிப் பள்ளிக்கு அனுமதி பெற்றன, சார்ட்டர் பள்ளியாக. அதாவது அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் பொதுப் பள்ளி. குடியரசுக் கட்சிக்காரரான மாநிலத் தலைமை வழக்குரைஞரே எதிர்த்தார். மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் அனுமதியை ரத்து செய்தது. வழக்கு வாஷிங்டனுக்கு வந்தபோது பள்ளியின் சார்பில் நின்றவர்களில் நோட்ரடாம் சட்டக் கல்லூரியின் மதச் சுதந்திரப் பயிற்சி மையமும் ஒன்று. மாலை வகுப்பில் குமாஸ்தாக்களுக்கு உரிமம் வாங்கித் தந்த கல்லூரிகளின் வரிசையில் வந்த நிறுவனம், இப்போது உச்ச நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்கு வக்கீல். 1922இல் ஆரிகன் சொன்னது எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பள்ளிக்கு வரட்டும் என்று. 2025இல் திருச்சபை கேட்டது எங்கள் பள்ளியைப் பொதுப் பள்ளியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. நோட்ரடாமில் படித்து அங்கேயே கற்பித்த நீதிபதி பேரெட் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார். மிஞ்சிய எட்டுப் பேர் மே 22ஆம் தேதி, சிஸ்டர்களின் தீர்ப்புக்கு நூறாண்டு நிறைய பத்து நாள் இருக்கையில், நான்குக்கு நான்காகப் பிரிந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று அறிவிக்கவில்லை. நீதிமன்றம் சரிபாதியாகப் பிரிந்ததால் கீழ்த் தீர்ப்பு உறுதியாகிறது என்று ஒரே வரியில் ஆணை வந்தது. 1917இல் குருவானவர் ஒஹாராவின் கூலி ஆணையத்தைக் காப்பாற்றியதும் அதே வரிதான்.